ஆயாவுக்கு ஆன்டிபயாடிக் எப்போது வேண்டும்?

மாதத்தில் இரண்டு முறையாவது இப்படி ஒரு போன் வரும். பெரும்பாலும் மகள் பேசுவார், சில சமயம் வெளிநாட்டிலிருந்து மகன். "சிஸ்டர், அம்மாவுக்கு யூரின் ரொம்ப நாத்தம் அடிக்குதாமே. டெஸ்ட்லயும் கிருமி இருக்குன்னு வந்திருக்காம். இன்னும் ஏன் ஆன்டிபயாடிக் ஆரம்பிக்கல?" அந்தக் குரலில் இருக்கும் பதற்றம் எனக்குப் புரியும். பெற்றவளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ள முடியவில்லையே என்ற வேதனையும் அதில் சேர்ந்திருக்கும்.

நான் கடலூரில் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸாக இருக்கிறேன். "யூரின்ல கிருமி இருக்குங்க, ஆனா அம்மாவுக்கு வியாதி இல்லைங்க" என்று போனில் சொன்னால், தட்டிக்கழிக்கிறேன் என்றுதான் தோன்றும். அதனால் விளக்கமாகவே எழுதிவிடுகிறேன். தன் வீட்டுப் பெரியவரை இல்லத்தில் விட்டிருப்பவர்களுக்கும், இல்லத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருப்பவர்களுக்கும் இது உதவும்.

முதலில் அடிப்படை. 'கிருமி' என்ற ஒரே சொல்லுக்குள் நாம் எல்லாவற்றையும் அடக்கிவிடுகிறோம். பாக்டீரியா வேறு, வைரஸ் வேறு, பூஞ்சை வேறு. ஆன்டிபயாடிக் பாக்டீரியாவை மட்டுமே கொல்லும், அல்லது பெருகவிடாமல் தடுக்கும். ஜலதோஷம், ஃப்ளூ, கொரோனா, டெங்கு எல்லாம் வைரஸால் வருபவை. அவற்றுக்கு ஆன்டிபயாடிக் கொடுத்தால் வைரஸுக்கு ஒன்றும் ஆகாது. வயிற்றில் நமக்கு ஒத்தாசையாக இருக்கிற நல்ல பாக்டீரியாக்கள்தான் அழியும்.

ஆன்டிபயாடிக்குக்குக் கிருமி 'பழகிப்போவது' எப்படி என்பதைப் பண்ணுருட்டிப் பக்கம் கத்திரித் தோட்டம் வைத்திருப்பவரிடம் கேட்டால் அழகாகச் சொல்வார். முதல் வருடம் ஒரு மருந்தை அடிக்கிறோம், காய்ப்புழு கொத்துக்கொத்தாகச் செத்து விழுகிறது. ஆனால் நூற்றில் ஒன்றிரண்டு தப்பிவிடுகிறது. தப்பியது ஏற்கெனவே அந்த மருந்தைத் தாங்கும் உடல்வாகு கொண்டது. அதன் குஞ்சுகளும் அப்படியே. திரும்பத் திரும்ப அதே மருந்தை அடித்தால், சில வருடங்களில் மருந்தைத் தாங்குகிற புழு மட்டும்தான் தோட்டத்தில் மிஞ்சும். பாக்டீரியாவும் அப்படித்தான், ஆனால் வேகம் வேறு. வசதியான சூழல் கிடைத்தால் ஈ.கோலை பாக்டீரியா 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரியும். புழுவுக்கு வருடக்கணக்கில் ஆவது இதற்கு நாள்கணக்கில் முடிந்துவிடும். போதாததற்கு, மருந்தைத் தாங்கும் மரபணுவைப் பக்கத்து பாக்டீரியாவுக்குக் கைமாற்றிக் கொடுக்கவும் அதற்குத் தெரியும்.

இது புதிதாகக் கண்டுபிடித்த ஆபத்து இல்லை. 1928-இல் பென்சிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் ஃப்ளெமிங்கே, 1945-இல் நோபல் பரிசு பெற்றபோது ஆற்றிய உரையில் இதை எச்சரித்தார். 2019-இல் மட்டும் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவால் நேரடியாக உலகம் முழுவதும் சுமார் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்ததாகக் கணக்கிட்டிருக்கிறார்கள்.

ஆனால் முதியோர் இல்லத்தில் இதன் கதை இன்னும் ஒரு படி மேலே போகிறது.

வரிசையாகப் பத்துக் கட்டில். நான்காவது கட்டில் ஆயா (எங்கள் பக்கம் பாட்டியை அப்படித்தான் கூப்பிடுவோம்) ஆன்டிபயாடிக் சாப்பிடுகிறார். அவர் குடலில் மருந்துக்குத் தப்பிய பாக்டீரியா பெருகுகிறது, மலத்தில் வெளிவருகிறது, டயப்பரில் ஒட்டுகிறது. அதை மாற்றுபவர் கையில் ஏறுகிறது. அந்தக் கை ஆறாவது கட்டில் ஆயாவுக்கு இட்லி ஊட்டுகிறது. ஆறாவது கட்டில் ஆயா ஒரு மாத்திரைகூட விழுங்கவில்லை. ஆனாலும் மருந்துக்கு அடங்காத பாக்டீரியா அவர் வயிற்றுக்குள் போய்ச் சேர்ந்துவிட்டது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 600-க்கும் மேற்பட்ட முதியோர் இல்லங்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2015-இல் வெளியானது. ஆன்டிபயாடிக்கை அதிகமாகப் புழங்கும் இல்லங்களில், அதைச் சாப்பிடாதவர்களுக்கும் அதனால் வரும் கெடுதல்கள் கூடுதலாக இருந்தன. அந்த ஆய்வைப் படித்த நாளிலிருந்து, ஒருவருக்குக் கொடுக்கிற மாத்திரையை அந்தக் கூடத்தில் இருக்கிற அத்தனை பேருக்கும் கொடுப்பதாகவே நினைத்துக்கொள்கிறேன்.

இப்போது அந்த யூரின் விஷயத்துக்கு வருகிறேன். இல்லங்களில் தேவையில்லாமல் ஆன்டிபயாடிக் தொடங்க முதல் காரணமே யூரின் ரிப்போர்ட்தான்.

வயதானவர்களின் சிறுநீரில் எந்தத் தொந்தரவும் இல்லாமலேயே பாக்டீரியா குடியிருக்கும். இல்லங்களில் இருக்கும் பெண்களில் நூற்றுக்கு 25 முதல் 50 பேருக்கும், ஆண்களில் 15 முதல் 40 பேருக்கும் இப்படி இருக்கும். இது டியூப் போடாதவர்களின் கணக்கு. யூரின் டியூப் போட்டால் நாளொன்றுக்கு நூற்றுக்கு 3 முதல் 5 பேர் வீதம் கூடிக்கொண்டே போகும். ஒரு மாதம் டியூப் இருந்தால் கிட்டத்தட்ட எல்லோருக்குமே பாக்டீரியா வந்துவிடும். அதாவது, நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டு, மாலையில் திண்ணையில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசும் ஆயாக்களின் யூரினை எடுத்துக் கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் டெஸ்டுக்கு அனுப்பினால், அதில் பாதிப் பேருக்குக்கூடக் 'கிருமி இருக்கிறது' என்று ரிப்போர்ட் வரலாம். ரிப்போர்ட் பொய் சொல்லவில்லை. கிருமி இருக்கிறது, ஆனால் அது அவரை ஒன்றும் செய்யவில்லை. அதற்கு மருந்து கொடுத்தால் சில வாரத்தில் அது திரும்ப வரும், வரும்போது முரடாக வரும். சீழ் செல்கள் என்று ரிப்போர்ட்டில் இருப்பதும் அதே கதைதான். அது மட்டும் இருந்தால் வியாதி என்று அர்த்தமில்லை.

நாத்தம்? தண்ணீர் குறைவாகக் குடித்தால் யூரின் மஞ்சளாகி நாறும். சாப்பாடு, சில மாத்திரைகள், நேரத்துக்கு மாற்றாத டயப்பர், இவற்றாலும் நாறும். எங்கள் ஆயாக்களில் பலர் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் தண்ணீரைத் தொடவே மாட்டார்கள். "ராத்திரி எழுந்துக்க முடியல கண்ணு, உன்ன எதுக்கு எழுப்பணும்" என்பார்கள். எங்களுக்குத் தொந்தரவு கொடுக்கக் கூடாது என்று தாகத்தை அடக்கிக்கொள்கிறார்கள். கத்திரி வெயிலில் அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஒரு சம்பவம் சொல்கிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு மே மாதம். எண்பதைத் தாண்டிய ஆயா ஒருவர் காலையிலிருந்து மந்தமாக இருந்தார். என்னைத் தன் நாத்தனார் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். ஜுரம் இல்லை, எரிச்சல் இல்லை. யூரின் நாறியது. டெஸ்டில் சீழ் செல்கள். சிப்ரோஃப்ளாக்ஸசின் என்ற ஆன்டிபயாடிக்கை எழுதி வாங்கினோம். அவருக்குச் சர்க்கரைக்கு கிளிமிபிரைடு மாத்திரை ஓடிக்கொண்டிருந்தது. இரண்டும் சேர்ந்தால் சர்க்கரை சடாரென்று இறங்கக்கூடும் என்பது அன்று எனக்கு மனதில் படவில்லை. மூன்றாம் நாள் விடியற்காலை அவர் சேலை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது, கூப்பிட்டால் பதில் இல்லை. குளுக்கோமீட்டரில் பார்த்தால் 50-க்கும் கீழே. குளுக்கோஸ் ஏற்றிப் பிழைக்க வைத்தார்கள். பிறகு விசாரித்தால், அவர் ஐந்து நாளாக மலம் கழிக்கவில்லை, தண்ணீரும் ஒரு நாளைக்கு இரண்டு டம்ளருக்கு மேல் இறங்கவில்லை. குழப்பத்துக்குக் காரணம் அதுதான். அந்த மாத்திரையை என் கையால்தான் கொடுத்தேன். இப்போதும் யாராவது "யூரின்ல கிருமி" என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த நனைந்த சேலைதான்.

அப்படியானால் எப்போது மருந்து வேண்டும்? 2001-இல் கனடா மருத்துவர் மார்க் லோப் தலைமையிலான குழு முதியோர் இல்லங்களுக்கென்றே ஓர் அளவுகோலை வகுத்தது. இன்றும் பல நாடுகளில் அதைத்தான் பின்பற்றுகிறார்கள். டியூப் இல்லாதவருக்குச் சிறுநீர் போகும்போது புதிதாக எரிச்சலோ வலியோ வந்தால் அது ஒன்றே போதும். எரிச்சல் இல்லையென்றால், ஜுரம் இருக்க வேண்டும், அதோடு இவற்றில் ஒன்றாவது புதிதாக வந்திருக்க வேண்டும்: அடக்க முடியாத அவசரம், அடிக்கடி போவது, அடிவயிற்று வலி, கண்ணுக்குத் தெரியும் ரத்தம், விலாவுக்குக் கீழே முதுகுப்பக்கம் வலி, புதிதாகக் கசிவு. டியூப் இருப்பவருக்கு ஜுரம், குளிர் நடுக்கம், முதுகுப்பக்க வலி, திடீர்க் குழப்பம் இவற்றில் ஒன்று. இவை ஒன்றும் இல்லாமல் வெறும் நாத்தமோ, டியூப் இல்லாதவருக்கு வெறும் சோர்வோ என்றால் ஒரு நாள், இரண்டு நாள் நெருக்கமாகப் பார்க்க வேண்டும். தண்ணீர், மோர், கஞ்சி கொடுக்க வேண்டும் (இதயக் கோளாறு, சிறுநீரகக் கோளாறு இருப்பவருக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று டாக்டரைக் கேட்டு). மலச்சிக்கல் இருக்கிறதா, புதிதாக மாத்திரை ஏதாவது மாற்றினார்களா, தூங்கினாரா, கீழே விழுந்தாரா என்று பார்க்க வேண்டும். பார்ப்பது என்றால் சும்மா இருப்பது இல்லை. நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை ஜுரம், நாடி, பிரஷர், குடித்த தண்ணீர் எல்லாம் எழுதி வைப்பது. நிலைமை மோசமானால் எந்த நேரமானாலும் டாக்டரைக் கூப்பிடுவது.

டெஸ்ட் எடுக்கிற விதத்திலும் கோளாறு நடக்கும். யூரின் பையிலிருந்து பிடித்து அனுப்பவே கூடாது. அதில் பல மணி நேரமாகத் தேங்கியது இருக்கிறது. பழைய டியூப் என்றால் அதை மாற்றிவிட்டுப் புது டியூபிலிருந்து எடுக்க வேண்டும். எடுத்ததை நம் ஊர் வெயிலில் மதியம் வரை மேசையில் வைத்திருந்தால், இருந்த நாலு பாக்டீரியா நாலு கோடியாகிவிடும். இரண்டு மணி நேரத்துக்குள் லேபுக்குப் போக வேண்டும், முடியாவிட்டால் ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும்.

ஜுரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. வயதானவர்களுக்கு உடம்பு சூடாவது குறைவு. இளைஞனுக்கு 102 அடிக்கிற நோய்க்கு ஆயாவுக்கு 99.5 தான் காட்டும். வாயில் வைத்துப் பார்க்கும்போது ஒருமுறை 100 டிகிரியைத் தாண்டினாலோ, திரும்பத் திரும்ப 99-க்கு மேல் இருந்தாலோ, அவருடைய வழக்கமான சூட்டைவிட 2 டிகிரி கூடினாலோ அதை ஜுரமாக எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்கு அவருடைய 'வழக்கமான சூடு' எவ்வளவு என்று நன்றாக இருக்கும் நாளிலேயே எழுதி வைத்திருக்க வேண்டும். எங்கள் நோட்டில் ஒவ்வொருவர் பெயருக்கும் பக்கத்தில் அது இருக்கிறது.

சளி, இருமலுக்கு வருவோம். மார்கழிப் பனியில் ஒருவருக்குத் தொடங்கினால் ஒரு வாரத்தில் கூடம் முழுக்க இருமும். பெரும்பாலும் வைரஸ். சளி மஞ்சளாக, பச்சையாக மாறியதாலேயே ஆன்டிபயாடிக் தேவை என்றாகிவிடாது. ஜலதோஷத்தைத் தொடர்ந்து வரும் இருமல் மூன்று வாரம்கூட நீடிக்கும். மெடிக்கல் ஷாப்பில் மூன்று அசித்ரோமைசின் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போகும் பேரன்கள் உண்டு. பாசத்தில் செய்வதுதான். ஆனால் எங்களிடம் சொல்லாமல் தலையணைக்கடியில் வைத்துவிட்டுப் போகாதீர்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன்.

இருமலில் நான் கவனிப்பது மூச்சை. மார்பு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணுவேன். நிமிடத்துக்கு 25-க்கு மேல் போனாலோ, ஆக்சிஜன் அளவு குறைந்தாலோ, ஜுரத்தோடு சாப்பாடு நின்றாலோ அது நிமோனியாவாக இருக்கலாம். அங்கே காத்திருக்கும் பேச்சே இல்லை, ஆம்புலன்ஸ்தான். இன்னொன்று, இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் காசநோய்க்குச் சளிப் பரிசோதனை செய்தே ஆக வேண்டும், அரசு மருத்துவமனையில் இலவசம். அதைச் செய்யாமல் லெவோஃப்ளாக்ஸசின் போன்ற ஆன்டிபயாடிக்கைக் கொடுத்தால், அது காசநோய்க் கிருமியையும் கொஞ்சம் அடக்கும். இருமல் தணிந்த மாதிரி இருக்கும், நோய் பிடிபடாமல் தள்ளிப்போகும், அதற்குள் பக்கத்துக் கட்டில்களுக்கும் பரவியிருக்கும்.

ஆன்டிபயாடிக்கே வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் நினைத்துவிடக் கூடாது. மழைக்காலம் முடிந்து குளிர் தொடங்கும் மாதங்களில் நம் கடலூர், புதுச்சேரிப் பக்கம் ஸ்க்ரப் டைஃபஸ் என்ற பாக்டீரியா ஜுரம் வரும். புதரில் இருக்கும் சிறு உண்ணிப் பூச்சி கடித்து வருவது. கடித்த இடத்தில், சிகரெட்டால் சுட்டது போலக் கறுப்பாகப் பொருக்கு இருக்கும். அக்குள், தொடையிடுக்கு, மார்புக்கு அடியில் என்று மறைவான இடங்களில் தேட வேண்டும். அதற்கு டாக்ஸிசைக்ளின் என்ற விலை குறைந்த ஆன்டிபயாடிக்கை நேரத்தோடு கொடுத்தால் உயிர் பிழைக்கும், தாமதித்தால் நுரையீரல், சிறுநீரகம் எல்லாம் கெடும். தோட்டத்தில் பூப்பறிக்கப் போன ஆயாவுக்கு ஜுரம் என்றால் உடம்பு முழுக்கப் பார்த்துவிடுவேன். அப்படிப்பட்ட நாளில் மருந்து வேலை செய்ய வேண்டும் என்பதற்காகத்தான் மற்ற நாளில் அதை வீணாக்காமல் இருக்கச் சொல்கிறேன்.

தொற்றே வராமல் பார்த்துக்கொண்டால் மாத்திரைக்கே வேலையில்லை. அதில் முதல் இடம் கைக்குத்தான். 1847-இல் வியன்னாவில் செம்மல்வைஸ் என்ற மருத்துவர், பிரசவம் பார்க்கும் மருத்துவர்களைக் கைகழுவ வைத்தே தாய்மார்களின் மரணத்தைப் பெருமளவு குறைத்தார். சோப்பும் தண்ணீரும் என்றால் 40 முதல் 60 விநாடி, சானிட்டைசர் என்றால் 20 முதல் 30 விநாடி. கையுறை போட்டால் கைகழுவ வேண்டாம் என்பது தப்பு. ஒருநாள் காலை டயப்பர் மாற்றும் நேரத்தில் கதவோரம் நின்று பார்த்தேன். இங்கே வேலை பார்க்கும் அக்கா ஒருவர் ஒரே ஜோடிக் கையுறையோடு நான்கு கட்டில் முடித்தார். நடுவில் அதே கையால் மின்விசிறி சுவிட்சைப் போட்டார், ஓர் ஆயாவின் நெற்றி முடியை ஒதுக்கிவிட்டார், ஜன்னலைத் திறந்தார். அவருக்குத் தன் கை சுத்தமாக இருந்தது, கையுறைதான் அழுக்கைச் சுமந்துகொண்டு ஊர்வலம் போனது. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. வாஷ்பேசின் கூடத்தின் அந்தக் கோடியில் இருந்தது. மறுவாரமே ஒவ்வொரு இரண்டு கட்டிலுக்கும் ஒரு சானிட்டைசர் பாட்டிலும் ஒரு கையுறை டப்பாவும் வைத்தோம். அதற்கு மேல் யாரும் யாருக்கும் புத்தி சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அடுத்தது வாய். இதைப் பலர் கண்டுகொள்வதே இல்லை. படுத்த படுக்கையாக இருப்பவரின் எச்சிலும் உணவுத் துணுக்கும் மூச்சுக்குழாயில் இறங்கித்தான் பல சமயம் நிமோனியா வருகிறது. ஜப்பானில் 11 முதியோர் இல்லங்களில் செய்த ஆய்வில், உணவுக்குப் பின் பல் துலக்கிவிட்டவர்களுக்கு நிமோனியா குறைவாக வந்தது. பல்லே இல்லாதவருக்கும் ஈறையும் நாக்கையும் துடைத்துவிட வேண்டும். பல்செட்டை இரவில் கழற்றிக் கழுவ வேண்டும். ஊட்டும்போது நிமிர்த்தி உட்காரவைத்து, முடிந்த பிறகும் அரைமணி நேரம் அப்படியே வைத்திருக்க வேண்டும்.

யூரின் டியூபைப் பொறுத்தவரை நான் தினமும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இது இன்னும் இவருக்குத் தேவையா? ஆஸ்பத்திரியிலிருந்து டியூபோடு வருபவருக்கு அது ஏன் போடப்பட்டது என்றே பல சமயம் யாருக்கும் தெரியாது. டாக்டரிடம் கேட்டு எடுத்துவிட முடிந்தால் அதைவிடப் பெரிய தடுப்பு கிடையாது. எடுக்க முடியாதென்றால், பை எப்போதும் அடிவயிற்றுக்குக் கீழே தொங்க வேண்டும், தரையில் படக்கூடாது. படுக்கைப் புண் வராமலிருக்க இரண்டு மணிக்கொரு முறை புரட்டிவிடுவது, வருடா வருடம் ஃப்ளூ ஊசி, நிமோனியா ஊசி, இதெல்லாம் தெரிந்ததே. ஊழியர்களுக்கும் ஃப்ளூ ஊசி வேண்டும் என்பதைத்தான் நிர்வாகங்கள் மறந்துவிடுகின்றன. சொறி வந்தால் ஒருவருக்கு மட்டும் பெர்மெத்ரின் தடவிப் பலனில்லை. கூடத்தில் எல்லோருக்கும், பார்த்துக்கொள்பவர்களுக்கும் சேர்த்து ஒரே நாளில் தடவி, துணி, போர்வையைச் சுடுநீரில் அலச வேண்டும். 2024 ஃபெஞ்சல் புயலுக்குப் பின் தென்பெண்ணை வெள்ளம் வந்தது போன்ற நாட்களில் குடிநீரைக் கொதிக்கவைத்துத்தான் கொடுக்க வேண்டும். வயிற்றுப்போக்கு வந்தாலும் முதல் மருந்து ஓ.ஆர்.எஸ். தான்.

மருந்து எழுதும் நாளில் நான்கு விஷயத்தை நோட்டில் எழுதுகிறோம்: மருந்தின் பெயர், எதற்காக, எத்தனை நாள், எந்தத் தேதியில் திரும்பப் பார்ப்பது. நோயாளியின் வீட்டாரும் இந்த நான்கையும் கேட்கலாம். கேட்டால் எந்த நல்ல டாக்டரும் கோபப்பட மாட்டார். தொடங்கிய இரண்டு மூன்று நாளில் கல்ச்சர் ரிப்போர்ட் வரும். அதைப் பார்த்து மருந்தை மாற்றலாம், அந்தக் கிருமிக்கு மட்டும் போதுமான சின்ன மருந்துக்கு இறக்கலாம், தேவையே இல்லை என்று தெரிந்தால் டாக்டர் நிறுத்தவும் செய்யலாம். நாமாக நடுவில் நிறுத்தக் கூடாது, நாமாக நீட்டிக்கவும் கூடாது. கோரிமேடு ஜிப்மரிலோ மஞ்சக்குப்பம் பெரியாஸ்பத்திரியிலோ இருந்து திரும்பும்போது டிஸ்சார்ஜ் சம்மரியில் முடிவுத் தேதி இல்லாவிட்டால் அன்றைக்கே கேட்டு எழுதி வாங்குங்கள். தேதி இல்லாத மாத்திரை மாதக்கணக்கில் ஓடிக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால் டாக்டர் சீட்டில்லாமல் வாங்கக்கூடாத மருந்து. 2014 மார்ச் முதல் செஃபிக்ஸிம், லெவோஃப்ளாக்ஸசின் போன்ற ஆன்டிபயாடிக்குகள் எச்1 அட்டவணை என்ற கட்டுப்பாட்டு மருந்துப் பட்டியலில் இருக்கின்றன. விற்கும்போது நோயாளி பெயரும் டாக்டர் பெயரும் கடைப் பதிவேட்டில் ஏற வேண்டும். சட்டம் அப்படி இருந்தாலும் கேட்டால் கொடுக்கும் கடைகள் இருக்கின்றன, அங்கே கேட்காமல் இருக்க வேண்டியது நாம்தான்.

ஞாயிற்றுக்கிழமை பார்க்க வருகிறவர்களுக்கு: உங்களுக்குச் சளியோ ஜுரமோ இருந்தால் அந்த வாரம் வீடியோ காலில் பேசுங்கள், நான் போனைப் பிடித்துக்கொள்கிறேன். நன்றாக இருந்தால் வாருங்கள். கேட்டுக்குப் பக்கத்திலேயே குழாய் இருக்கிறது, சோப்பும் வைத்திருக்கிறோம். கையைக் கழுவிவிட்டு நேராக அம்மாவிடம் போய் முதலில் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுங்கள். நாங்கள் கொடுத்தால் "அப்புறம் குடிக்கிறேன்" என்பவர், நீங்கள் கொடுத்தால் முழுசாகக் குடித்துவிடுவார்.